தண்ணீர் வந்ததாக நான் ஊதியது

பயம் எனக்குப் பல விதமாக வரும். பஸ் பாலத்தின் மேல் ஏறும்போது வரும். மாடு நின்ற இடத்தில் நின்றபடி என்னை உற்றுப் பார்த்தால் வரும். யாராவது "உங்ககிட்ட ஒரு விசயம் பேசோணுமுங்க" என்றாலே வரும். ஆனால் நானே கிளப்பிவிட்ட சத்தத்துக்கு நானே பயந்து ஓடியது ஒரே ஒரு தடவைதான். அது கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் ஊரில், அவசர நிலை வந்ததற்கு முந்தின வருஷத்துத் தை மாதத்தில் நடந்தது. அப்போதே எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. விவரம் தெரியாத வயசு என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

எங்கள் கலா சமிதியில் முதலில் இருந்தது சாதாரண பேண்டு செட். கல்யாணம், சர்ச் பெருநாள், தேர்தலில் ஜெயித்தவர்களின் ஊர்வலம் எல்லாவற்றுக்கும் போவோம். சினிமாப் பாட்டு நாலைந்தும் மார்ச் ஒன்றும் தெரியும். சாவு வீட்டுக்கும் அதே மார்ச்தான், கொஞ்சம் மெதுவாக. பிறகு மாஸ்டர் வந்தார். பட்டாளத்தில் பேண்டு மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியின் ஊர் என்பதால் எங்கள் பக்கம் வந்து, மச்சானுடைய தென்னந்தோப்பின் ஓரத்தில் வீடு கட்டிக்கொண்டார். வந்த புதிதில் எங்கள் பேண்டைக் கேட்டார். கேட்டு முடித்ததும், "சத்தம் நல்லா வருதப்பா" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அவரையே எங்களுக்கு மாஸ்டராக்கினோம்.

அவர் தன் பழைய சிநேகிதர்களுக்கு எழுதிப்போட்டு, பட்டாளத்தில் கழித்துவிட்ட வாத்தியங்களை ஒவ்வொன்றாக வரவழைத்தார். பாலக்காட்டிலிருந்து பஸ் கூரையில் கிளாரினெட் வந்தது, சாக்ஸபோன் வந்தது, நெளிந்த டிராம்போன் வந்தது. இனி இதைப் பேண்டு செட் என்று சொல்லக் கூடாது, விண்ட் ஆர்கெஸ்ட்ரா என்றுதான் சொல்ல வேண்டும் என்றார். வயலின் மாதிரி இழுக்கிற சமாச்சாரம் எதுவும் கிடையாது, ஊதுவதும் அடிப்பதும் மட்டும்தான், ஆனால் இருபதுக்கு மேல் ஆட்கள், ஆளுக்கொரு வழியில் போய் ஒரே இடத்தில் சேர வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு முன்னால் எந்தக் காரியத்திலும் அப்படி நடந்ததில்லை.

புது வாத்தியத்துக்கு நான் பேர் கொடுக்கப் போன நாளில் மிச்சம் இருந்தது யூபோனியம் என்ற தடித்த பித்தளைக் குழல் மட்டுந்தான். நல்ல கனம். ஒரு வயசுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் காலில் வாய் வைத்து ஊதுகிற மாதிரி இருக்கும். நிலக்கடலை பறித்துப் பழகிய விரல்கள் எனக்கு, பித்தளைப் பொத்தான்களின் மேல் அதிகாரமாக உட்காரும், ஆனால் நேரத்துக்கு எழுந்திருக்காது.

இரண்டு வருஷம் மார்ச்சும் பாட்டும் ஊதிய பிறகு மாஸ்டர் ஒரு நாள், தானே ஒன்று எழுதியிருப்பதாகச் சொன்னார். பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் அடுத்தவர் எழுதியதற்கே முன்னால் நின்று கோல் ஆட்டியிருக்கிறார். சொந்தமாக எழுதியது இதுதான் முதல்.

"எந்த ராகமுங்க மாஸ்டர்?" என்று கேட்டார் கிளாரினெட் ஊதும் தையல்காரர்.

"ராகமெல்லாம் இல்லப்பா."

"பாட்டு யாருது?"

"பாட்டே இல்ல. ஒரு சம்பவம். அதை ஊதிக் காட்டறோம்."

"என்ன சம்பவமுங்க?"

"கால்வாயில தண்ணி வர்றது."

எல்லோரும் கொஞ்சம் ஏமாந்துதான் போனோம். பானிப்பட்டுச் சண்டை மாதிரி ஏதாவது இருக்கும் என்று நினைத்திருந்தோம். தண்ணீர் வருவதைக் காட்ட இருபது பேர் எதற்கு, கால்வாயே காட்டுமே என்று தபால்காரர் சொன்னார். அவர் பெரிய டிரம் அடிப்பவர். மாஸ்டர் அவரைப் பார்த்து, "இடி உனக்குத்தான்" என்றார். தபால்காரர் உடனே கட்சி மாறிவிட்டார்.

மாஸ்டர் எழுதியது இப்படிப் போகும். முதலில் வெயில். கிளாரினெட்டுகள் எல்லாம் கீழ் ஸ்வரத்தில் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கும், சின்ன டிரம்மில் காய்ந்த பனையோலை உரசும். அடுத்தது கிணற்று மோட்டார்: டிராம்போனும் பெரிய பாஸ் குழலும் கடகடவென்று ஓடி, தண்ணீர் தீர்ந்து காற்றை இழுத்து, செருமி நிற்கும். பிறகு வாய்க்கால் சண்டை. சாக்ஸபோன் ஒன்று சொல்ல, டிரம்பெட் அதற்கு மேல் சொல்ல, பக்கத்து வயல்காரர்களாக மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள். அந்தச் சண்டை யார் யாருக்கு நடுவில் நடந்தது என்று எங்களுக்குத் தெரியும், சம்பந்தப்பட்ட இருவருமே எங்கள் வாத்தியக்காரர்கள். மாஸ்டர் வேண்டுமென்றே அவர்களுக்கு இடம் மாற்றிக் கொடுத்திருந்தார். இவர் பேசியதை அவர் ஊத வேண்டும். சண்டை உச்சத்துக்குப் போகும்போது கொம்பு. அதன் பிறகு ஒரு மௌனம். பிறகு தண்ணீர். புல்லாங்குழல் ஒற்றையாக ஆரம்பிக்கும், கிளாரினெட் ஒவ்வொன்றாகச் சேரும், கடைசியில் எல்லோரும் ஒன்றாக நிறைந்து நிற்போம்.

கொம்பு என்று சொன்னேன். அது எங்கள் கிளைக் கால்வாயின் சட்டம். ஆழியாற்றுப் பக்கம் மேலே திறந்துவிட்டால், எங்கள் தலைமதகில் இருக்கும் மடைக்காரர் பித்தளைக் கொம்பை எடுத்து மூன்று ஸ்வரம் ஊதுவார். கீழே ஒன்று, மேலே நீளமாக இரண்டு. அது காதில் விழுந்ததும் அடுத்த மதகுக்காரர் அதையே திருப்பி ஊதுவார், பிறகு அதற்கும் அடுத்தவர். அப்படியே கடைசி வயல்வரை செய்தி போய்விடும், தண்ணீர் அதற்குப் பின்னால் வரும். வயல் மடைக்குத் தண்ணீர் வந்து சேரும்போது அந்த மடை யார் பேரில் இருக்கிறதோ அந்த ஆள் அங்கே நிற்க வேண்டும். மனைவி நின்றால் செல்லாது, மகன் நின்றால் செல்லாது. முன்பு தங்களுக்குப் பதிலாக ஆள் வைத்துப் பெரிய தகராறாகி, இப்படி முடிவு செய்திருந்தார்கள். பேர்க்காரன் இல்லாவிட்டால் தண்ணீர் அடுத்த மடைக்குப் போய்விடும். பொள்ளாச்சிக்குப் போயிருந்தேன், காய்ச்சலில் கிடந்தேன் என்ற பேச்செல்லாம் எடுபடாது. அதனால் கொம்பு கேட்டால் எங்கள் ஊரில் யாரும் எதையும் முடிப்பதில்லை. பாதிச் சவரத்தோடு ஓடுவார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் பஜ்ஜியைக் கடித்த வாயோடு ஒரு மாப்பிள்ளை எழுந்து ஓடினார். பொறுப்பான பையன் என்று பெண் வீட்டுக்கு அதனாலேயே பிடித்துப்போய்விட்டது.

இதில் மாஸ்டரின் கஷ்டம் என்னவென்றால், அவருடைய ஆர்கெஸ்ட்ராவில் மூன்று பேரைத் தவிர எல்லோரும் மடைக்குப் பேர்க்காரர்கள். ஒத்திகை ஆரம்பித்தால் கொம்பு கேட்கும். மேல் வயல்காரர்கள் முதலில் ஓடுவார்கள், தங்கள் முறை வர நேரம் இருக்கிறதென்று மற்றவர்கள் கொஞ்ச நேரம் ஊதிவிட்டு ஓடுவார்கள். மோட்டார் வரைக்கும் எல்லோரும் இருப்போம், சண்டையில் பாதிப் பேர், தண்ணீர் வரும் இடத்தில் தையல்காரரும் தபால்காரரும் புல்லாங்குழல் வாசிக்கும் டிராயிங் சாரும்தான். அவர்களுக்கு நிலம் கிடையாது. ஆகவே அந்தக் கடைசிப் பாகத்தை மாஸ்டர் முழு ஆளோடு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாக வீட்டுக்குக் கூப்பிட்டு, அவரவர் பங்கை வாயால் பாடிக் காட்டி மனப்பாடமாக்கினார். எங்களில் காகிதத்தைப் பார்த்து ஊதத் தெரிந்தவர்கள் குறைவு.

"துண்டு துண்டா எல்லாம் இருக்குதப்பா," என்பார். "ஒரே ஒருக்கா முழுசாக் கேட்டுட்டேன்னா போதும். அதுக்கப்பறம் எந்தக் கல்யாணத்துக்கு எந்தப் பாட்டுன்னாலும் கோல் ஆட்டறேன்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வேண்டுகோள் எதுவும் இருக்காது. ரேஷனில் சீனி வந்ததா என்று கேட்கிற முகம்தான். இருந்தாலும் அவர் அதைச் சொன்ன விதத்தில் எனக்குப் பயம் வந்தது. ஏனென்றால் கொம்பை ஊதிக் காட்டும் இடம் என்னுடையது.

டிரம்பெட்டில் ஊதினால் பட்டாளமாக இருக்கிறது, கொம்பின் தொண்டை யூபோனியத்தில்தான் இருக்கிறது என்று சொல்லி அவர் அதை எனக்குக் கொடுத்தார். மூன்றே ஸ்வரம். ஆனால் அப்போது வேறு யாரும் ஊத மாட்டார்கள். மொத்த ஊரும் என்னை மட்டும் பார்க்கும். சரியாக வருகிறதா என்று கேட்க, தலைமதகு மடைக்காரரையே ஒரு நாள் அழைத்து வந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"கொம்பு மாதிரியேதானுங்க இருக்குது," என்றார். "என்ன, கொம்பு இத்தனை நடுங்காது."

சமிதியின் வார்ஷிகம், அதாவது ஆண்டு விழா, தை மாதத்தில் வந்தது. அந்த வருஷம் மேலே அடைத்துவிட்டிருந்தார்கள். கால்வாய் காய்ந்து, அதற்குள் ஆடு மேய்ந்தது. வயலில் நெல் பால் பிடிக்கிற சமயம், இன்றைக்குத் திறப்பார்கள், நாளைக்குத் திறப்பார்கள் என்று தினமும் பஸ்ஸில் ஒரு செய்தி வரும், இறங்கினதும் பொய்யாகிவிடும். ஊரே முகம் சுண்டித் திரிந்த அந்த நாட்களில் மாஸ்டர் மட்டும் வறண்ட கால்வாயின் ஓரமாகக் காலையில் நடந்து போய், நன்றாக வறண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். கால்வாய் காய்ந்திருக்கும்வரை யாரும் ஓட மாட்டார்கள். முழு ஆளும் மேடையில் இருப்பார்கள். அவர் எந்தப் பாவமும் நினைக்கவில்லை, சும்மா பார்த்தார். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை.

"அந்தாளு கண்ணு பட்டுத்தான் தண்ணி வராம இருக்குது," என்றாள்.

"அவரு என்ன பண்ணுவாரு, பாவம்."

"நீங்க என்ன பண்ணுவீங்க? மூணு சத்தம் ஊதறதுக்கு மூணு நாளாச் சோறு உங்கல. நெல்லு பதராப் போகுதேன்னு ஒரு நாளாச்சும் சோறு உங்காம இருந்தீங்களா?"

அவள் கேட்டது நியாயம். நெல்லைப் பற்றிய பயம் எனக்கு இருந்தது, ஆனால் அது வரிசையில் பின்னால் நின்றது.

பள்ளிக்கூட மைதானத்தில் மேடை. பள்ளிக்கூடத்தை ஒட்டியே கால்வாய், தண்ணீர் கிழக்கே தலைமதகிலிருந்து வரும், அங்கிருந்து மேற்கே வரிசையாக எங்கள் வயல்களின் மடைகள். வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்று பொழுது சாய்வதற்கு முன்பே ஆரம்பித்தோம். தைமாதத்துக் கிழக்குக் காற்று பின்னாலிருந்து மேற்கே தள்ளியது. மேடைத் துணி படபடத்தது, எங்கள் வேட்டிகளும்தான். நான் மூன்று சோடா குடித்திருந்தேன். ஆனாலும் கால்வாயைவிட என் உதடு வறண்டிருந்தது. சோடா போன வழியைப் பற்றி வேறு ஒரு கவலை புதிதாகக் கிளம்பியிருந்தது.

சமிதி செக்ரட்டரி மைக்கைப் பிடித்து, மலையாளத்தில் பாதியும் தமிழில் பாதியுமாக, அடுத்தது நம் மாஸ்டர் சொந்தமாக எழுதிய உபகரண சங்கீதம், இதில் வார்த்தை இருக்காது, யாரும் வார்த்தையை எதிர்பார்க்க வேண்டாம், இடையில் கொம்பு கேட்கும், அது மேடையில் ஊதுவதுதான், யாரும் எழுந்திருக்க வேண்டாம் என்று அறிவித்தார். கூட்டம் சிரித்தது. முன் வரிசையில் தலைமதகு மடைக்காரர் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர்தான் இல்லையே, அவருக்கும் லீவு.

வெயில் நன்றாகவே போனது. இரண்டாவது வரிசையில் ஒருவர் துண்டால் விசிறிக்கொள்ள ஆரம்பித்தார், பழக்கதோஷம். மோட்டார் காற்றை இழுத்துச் செருமியபோது கூட்டத்தில் யாரோ, "புட்வால்வு போச்சுடோய்!" என்று கத்த, மைதானமே சிரித்தது. சண்டையில் அதைவிடச் சிரிப்பு. "அடிங்க மாமா, உடாதீங்க" என்று சாக்ஸபோனுக்கு ஒரு கட்சி, டிரம்பெட்டுக்கு ஒரு கட்சி. மாஸ்டர் திரும்பிப் பார்க்கவேயில்லை. அவருடைய முதுகு மட்டும் கொஞ்சம் நிமிர்ந்தது.

பிறகு எல்லோரும் நின்றார்கள். கோல் என் பக்கம் திரும்பியது.

ஊதினேன். கீழே ஒன்று, மேலே நீளமாக இரண்டு. ஏன் என்று தெரியாது, நடுங்கவேயில்லை. காற்று அதை எடுத்துக்கொண்டு போவது காதில் தெரிந்தது. கைதட்டினார்கள். தலைமதகு மடைக்காரர் முன் வரிசையிலிருந்து எனக்குத் தலையாட்டினார்.

அடுத்தது மௌனம். மாஸ்டர் இடது கையை உயர்த்திப் பிடித்திருந்தார். அது இறங்கும்வரை யாரும் மூச்சு விடக் கூடாது. கூட்டமும் அடங்கியது. அவருடைய கை கொஞ்சமாக இறங்க ஆரம்பித்தது, டிராயிங் சார் குழலை உதட்டில் வைத்தார்.

அப்போது மேற்கே, வயல்களுக்கு அப்பாலிருந்து, கொம்பு கேட்டது. கீழே ஒன்று, மேலே நீளமாக இரண்டு. அது தேய்ந்து முடிவதற்குள் அதற்கும் அப்பால், இன்னும் மெலிதாக, இன்னொன்று.

இந்த இடத்தில் என் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். அந்தச் செய்தி எங்கிருந்து கிளம்பியது என்று யாரும் என்னிடம் வந்து விளக்க வேண்டியதில்லை. என் உதட்டின் ஈரம்கூட இன்னும் காயவில்லை. ஊத வேண்டிய மடைக்காரரோ என் கண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான், "அய்யோ, தண்ணி!" என்று சத்தம் போட்டுவிட்டு, யூபோனியத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேடையிலிருந்து குதித்தேன்.

நான் ஓடுவதைப் பார்த்து டிராம்போன் ஓடியது. தனக்குத் தெரியாமல் தன் மதகை யாரோ திறந்துவிட்டார்கள் என்று தலைமதகு மடைக்காரர் கிழக்கே ஓடினார். அவரே ஓடுகிறார் என்றதும் கூட்டத்துக்குச் சந்தேகம் விட்டுப்போயிற்று. நாற்காலிகள் சரிந்தன. செக்ரட்டரி மைக்கில் "இரிக்கணும், இரிக்கணும், அது மேடையில ஊதினது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். திடீரென்று அதுவும் நின்றது. அவருக்கும் ஒரு மடை உண்டு.

யாரும் வாத்தியத்தைக் கீழே வைக்கவில்லை. வாத்தியத்தைத் தரையில் வைத்தால் மாஸ்டரிடம் வாங்கும் பேச்சு எங்களுக்கு எலும்பில் ஏறியிருந்தது. வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் கிளாரினெட்டோடும் சாக்ஸபோனோடும் கால்வாய்க் கரையில் ஆட்கள் ஓடினார்கள். வெளியூர்க்காரன் எவனாவது அந்தச் சமயம் பொள்ளாச்சி பஸ்ஸிலிருந்து பார்த்திருந்தால், எதையோ கொள்ளையடித்துவிட்டுப் போகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பான்.

எங்கள் வாத்தியக்காரர்களின் மடைகளில் என்னுடையதுதான் கடைசி. நான் போய்ச் சேர்ந்தபோது என் மனைவி மம்பட்டியோடு அங்கே நின்றாள். எந்த வழியாக வந்தாள், எங்கிருந்து மம்பட்டி கிடைத்தது என்று இன்றுவரை சொல்லவில்லை. கால்வாய்க்குள் பார்த்தேன். ஆட்டுப் புழுக்கை கிடந்தது. ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது, எங்களைப் பார்த்துத் தலையைத் தூக்கிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

"ஏனுங்க," என்றாள் என் மனைவி, மூச்சு வாங்கிக்கொண்டே. "நீங்க ஊதுனதுக்கு நீங்களேவா ஓடியாந்தீங்க?"

"நீயுந்தான் ஓடியாந்தே."

"நீங்க ஓடறதைப் பாத்துத்தானுங்க நான் ஓடியாந்தேன். ஊதுனவருக்குத் தெரியாதாக்கும்னு நெனச்சேன்."

என் சத்தத்தைக் கேட்டு முதலில் திருப்பி ஊதிய கீழ் மதகுக்காரரிடம் பின்னால் கேட்டபோது அவர் பதில் வைத்திருந்தார். "கொம்பு கேட்டா திருப்பி ஊதோணும், அதானுங்க என்ற வேலை. ஊதறது யாருன்னு விசாரிக்கறது என்ற வேலையில்லீங்க." வார்ஷிகத்துக்கு அவரை யாரும் அழைக்கவில்லை என்பதும் அதில் கொஞ்சம் இருந்தது.

எல்லோருக்கும் உள்ளுக்குள் தெரிந்துவிட்டது, இது பொய்க் கொம்பு என்று. ஆனால் யாரும் நகரவில்லை. மேலே பார்க்கப் போன தலைமதகு மடைக்காரர் இன்னும் திரும்பி வரவில்லை. ஒருவேளை உண்மையாகவே திறந்திருந்தால்? நாம் நகர்ந்த பிறகு தண்ணீர் வந்தால் அடுத்தவன் மடைக்குப் போய்விடுமே? நெல் பால் பிடிக்கிற சமயம். ஆகவே ஆளுக்கொரு மடையில், ஒருவரையொருவர் பார்க்காமல், சும்மா காற்று வாங்க வந்தவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தோம். வாத்தியம் இல்லாதவர்கள் மம்பட்டியோடு நின்றார்கள்.

அப்போதுதான் மாஸ்டர் கரை மேல் நடந்து வந்தார். பின்னால் நிலமில்லாத மூன்று பேர்: குழலோடு டிராயிங் சார், கிளாரினெட்டோடு தையல்காரர், பெரிய டிரம்மை வயிற்றில் கட்டிக்கொண்டு தபால்காரர். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு யூபோனியத்தின் பொத்தான்களை ஆராய்ந்தேன். அவர் திட்டவில்லை. கால்வாயின் மேல் இருந்த சின்னப் பாலத்தில் நின்று, மேலும் கீழும் ஒவ்வொரு மடையாகப் பார்த்தார். வாயசைத்து ஆட்களை எண்ணுகிறார் என்று தெரிந்தது. எண்ணி முடித்ததும் இன்னொரு தடவை பார்த்தார்.

எல்லோரும் இருந்தோம். யாராலும் போக முடியாது.

கோலை எடுத்தார்.

"மௌனத்துல இருந்து!" என்று கத்தினார். பட்டாளத்துக் குரல், கடைசியில் நின்ற எனக்கே கேட்டது.

"ஏனுங் மாஸ்டர், இங்கேயேங்களா?" என்று டிரம்பெட் மேல் மடையிலிருந்து கேட்டது.

"வேற எங்கப்பா நீ நிப்பே?"

இடது கையை உயர்த்திப் பிடித்தார். காற்று மட்டும் அடித்தது. கை இறங்கியது. குழல் ஆரம்பித்தது. டிராயிங் சார் பாலத்தடியில் நின்று ஊத, தையல்காரர் சேர்ந்தார், பிறகு மேல் மடையில் ஒரு கிளாரினெட், அதற்குக் கீழ் மடையில் இன்னொன்று. காகிதம் எல்லாம் மேடையில் பறந்துகொண்டிருந்தது, ஆனால் யாருக்கும் அது தேவைப்படவில்லை. தனித்தனியாகப் பாடிப் பாடி ஏற்றியிருந்தாரே. சாக்ஸபோனும் டிரம்பெட்டும் வந்தன. தபால்காரர் தன் இடியை அடித்தபோது கால்வாயில் படுத்திருந்த நாய் எழுந்து போனது. நான் என் பங்கை ஊதினேன். எனக்குக் கடைசியில் ஒரே நீள ஸ்வரம், எல்லோரும் நிறைந்த பிறகு அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். பாலத்தில் ஆடும் கோல் எனக்குத் தீக்குச்சி அளவுக்குத்தான் தெரிந்தது. எதிர்க்காற்று வேறு. சரியான இடத்தில்தான் நுழைந்தேன் என்று எனக்கு நம்பிக்கை. என் மனைவி கால்வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ வரப்போகிற மாதிரி. இதைச் சொன்னால் இப்போதும் மறுப்பாள்.

முடிந்தது. கைதட்டல் எதுவும் இல்லை, கையில் மம்பட்டி இருந்தது. தலைமதகு மடைக்காரர் கிழக்கேயிருந்து மூச்சிரைக்க வந்து, "திறக்கலீங்க! பூட்டு போட்டாப்படியே இருக்குது!" என்றார். யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒவ்வொருவராக மடையை விட்டு நகர ஆரம்பித்தோம்.

நான் பாலத்துக்குப் போனேன். போகும் வழியெல்லாம் மன்னிப்பாக நாலைந்து வாக்கியம் தயாரித்துக்கொண்டே போனேன். மாஸ்டர் கோலைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், நான் வந்து..."

"யூபோனியம் பிந்தீருச்சு," என்றார்.

"தூரமுங்க. காத்து வேற..."

"பிந்தீருச்சப்பா," என்றார் மறுபடியும். அதற்குப் பிறகு, வேறு யாரிடமோ சொல்வது போல, "ஆனா முழுசா வந்துருச்சு."

அவ்வளவுதான் சொன்னார். கோலைத் துண்டில் சுற்றி அக்குளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதன் பிறகு சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எந்தக் கல்யாணத்தில் எந்தப் பாட்டுக் கேட்டாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் கோல் ஆட்டினார்.

உண்மையான தண்ணீர் அதற்குச் சில நாள் கழித்து ஒரு மத்தியானத்தில் வந்தது. கொம்பு கேட்டபோது நான் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தேன். "இப்ப எவன்டா என்ற பங்கை ஊதறான்?" என்றேன், படுத்தபடியே. என் மனைவி மம்பட்டியை எடுத்து என் வயிற்றின் மேல் வைத்தாள். பிறகுதான் ஓடினேன். இந்த ஓட்டத்தை யாரும் பார்த்துச் சிரிக்கவில்லை, எல்லோரும் அதே ஓட்டம்தான்.

மாஸ்டரும் வந்திருந்தார். அவர் பேரில் மடை கிடையாது, அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பாலத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தண்ணீர் வருவதைப் பார்த்தார். முதலில் காய்ந்த இலைகள் வந்தன. பின்னால் தண்ணீர், கலங்கலாக, மண்ணை நனைத்து, நின்று, குழியை நிரப்பி, மறுபடி நகர்ந்து வந்தது. அது என் மடைக்கு வர ரொம்ப நேரம் ஆகும் என்று தெரிந்ததால் நான் பாலம் வரைக்கும் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

தண்ணீர் அவ்வளவு மெதுவாக வருவதை அவர் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"தண்ணியை நான் ரொம்ப வெசையா எழுதீட்டேன்," என்றார்.